பிரஷ் பிடியில் ஒரு கறுப்புக் கோடு

என் பல் பிரஷ்ஷின் பிடியில், ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. ஊசியால் நெம்பினால் வழவழவென்று அழுக்கு! நார்களிலிருந்து வடியும் தண்ணீர் பிடி வழியே இறங்கி, குவளையின் அடியில் தேங்கியதுதான் காரணம். முதலில் பிரஷ்ஷின் தலைக்கு மூடி போட்டேன். தப்பு. ஈரம் உள்ளேயே அடைபட்டு வாடை அடித்தது.

அப்புறம் ரப்பர் ஒட்டாத, ஒரே வார்ப்பான பிடியுள்ள பிரஷ்ஷுக்கு மாறினேன். பிளாஸ்டிக் குவளையின் அடியில் சூடான ஆணியால் 4 ஓட்டை போட்டு, சுவரில் மாட்டினேன். இப்போது தண்ணீர் தேங்குவதில்லை, பிரஷ் நன்றாகக் காய்கிறது.

நார்கள் விரிந்தது வேறு கதை. முஷ்டியால் பிடித்துத் தேய்த்த என் கைதான் குற்றவாளி. பேனா பிடிப்பதுபோலப் பிடித்தேன், அழுத்தம் தானாகக் குறைந்தது. முன்பு 6 வாரத்தில் துடைப்பமாகிவிடும். இப்போது 3 மாதம் தாங்குகிறது. அதற்கு மேல் நானே வைத்துக்கொள்வதில்லை.