பால் சேராதவர்கள் லாக்டேஸ் மாத்திரையில் செய்யும் தவறுகள்

கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறு உப்பிய பிறகு லாக்டேஸ் மாத்திரையைத் தேடுகிறவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய. அந்த நேரத்தில் அது உதவாது.

லாக்டேஸ் வயிற்றுவலி மாத்திரை அல்ல. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸை குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும் நொதி. சிறுகுடலில் இந்த நொதி போதாதபோது, உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே அது தண்ணீரை இழுக்கிறது. பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகிறது. உப்புசமும் பேதியும் வருவது இதனால்தான். பால் அவ்வளவு தூரம் போன பிறகு மாத்திரை போட்டு என்ன பயன்? முதல் வாய் சாப்பிடும்போதே அதுவும் உள்ளே போக வேண்டும். காலையில் ஒன்று போட்டால் நாள் முழுக்கத் தாங்கும் என்பதும் தவறு. பந்தியில் உட்காரும்போது போட்டது, ஒரு மணி நேரம் கழித்து பாண்லே பால் பூத்தில் சாப்பிடும் ஐஸ்கிரீமுக்குப் போதாது. அதற்குத் தனியாக இன்னொன்று வேண்டும்.

இதைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது, தவறான மருந்தை வாங்கிவந்து "எனக்கு இது வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுவது. மருந்துக்கடையில் "செரிமானத்துக்கு ஏதாவது கொடுங்கண்ணே" என்று கேட்டால், டயாஸ்டேஸும் பெப்சினும் கலந்த சிரப் கைக்கு வரலாம். டயாஸ்டேஸ் மாவுச்சத்துக்கு, பெப்சின் புரதத்துக்கு. இரண்டுமே லாக்டோஸைத் தொடாது. லேபிளில் லாக்டேஸ் என்றோ பீட்டா கேலக்டோசிடேஸ் என்றோ இருக்க வேண்டும். அப்புறம் வலுவைப் பாருங்கள். அது மில்லிகிராமில் அல்ல, நொதியின் செயல்திறனை அளக்கும் எஃப்.சி.சி. யூனிட்டில் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்வது, பால் சேர்ந்த ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது 4500 யூனிட்.

சரி, எதற்கெல்லாம் மாத்திரை வேண்டும்? 200 மில்லி பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் உண்டு. பால் சேராதவர்களிலும் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை பெரிய தொந்தரவின்றித் தாங்குவார்கள். அப்படிப் பார்த்தால் மஞ்சக்குப்பம் டீக்கடையில் குடிக்கும் ஒரு சின்ன கிளாஸ் டீக்கு பலருக்கும் மாத்திரையே தேவையில்லை. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. நெய் தோசைக்கு மாத்திரை போடுவது வீண் செலவு. தயிரில் ஒரு பகுதியை உறைக்கும் பாக்டீரியாவே தின்றுவிடுகிறது. பால்கோவாவும் திரட்டுப்பாலும் வேறு கதை. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது போவது தண்ணீர்தான், லாக்டோஸ் அப்படியே நிற்கிறது. ஒரு துண்டுதானே என்று அங்கே அளவைக் குறைத்துப் போட்டால் வயிறு பொறுக்காது.

பாலில் கலக்கும் சொட்டு மருந்து வாங்குகிறவர்கள், அதைச் சூடான காபியில் விடுவதைப் பார்க்கலாம். கொதிக்கும் சூட்டில் நொதி செத்துவிடும். பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, சொட்டு விட்டு, ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். அதன்பிறகு சூடாக்கினால் பாதகமில்லை. உடைய வேண்டியது உடைந்திருக்கும். அந்தப் பால் கொஞ்சம் இனிக்கும். மொத்தச் சர்க்கரை மாறுவதில்லை என்பதால், சர்க்கரை நோயாளிகள் அதைச் சர்க்கரை இல்லாத பாலாகக் கணக்கிடக் கூடாது. மாத்திரை டப்பாவை மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டுவைத்தாலும் நொதியின் வலு குறையும்.

பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது பால் புரதத்துக்கான அலர்ஜி. அங்கே லாக்டேஸ் எதுவும் செய்யாது. மாத்திரையை நம்பிப் பால் குடிப்பது உயிருக்கே ஆபத்து.

சரியாகப் போட்டும் பேதி நிற்கவில்லை, எடை குறைகிறது, மலத்தில் இரத்தம் என்றால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் ஜிப்மர் போன்ற ஒரு மருத்துவமனையில் குடல் மருத்துவரைப் பாருங்கள். லாக்டோஸ்தான் காரணமா என்பதை ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை காட்டிவிடும். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரங்கள் பால் சேராமல் போகலாம். குடல் ஆறியதும் அது சரியாகும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சொட்டு மருந்தையும் குழந்தை மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.