பெல்லா துலிப் விழாவுக்குப் போகிறீர்களா? வியாழனே நல்லது

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெ மாயின் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பெல்லாவுக்கு. 1847-இல் டச்சுக் குடியேறிகள் உருவாக்கிய சிற்றூர். மே மாதத் தொடக்கத்தில் வியாழன், வெள்ளி, சனி என மூன்று நாள் துலிப் விழா. சனிக்கிழமை கூட்டம் அலைமோதும், முடிந்தால் வியாழனன்று போங்கள். ஞாயிறுக்குத் தள்ளிப் போட வேண்டாம், அன்று விழா கிடையாது.

மதியம் ஒரு ஊர்வலம், மாலையில் விளக்கொளியில் இன்னொன்று. ஊர்வலத்துக்கு முன்பாகவே வந்து இடம் பிடித்துவிடுங்கள். ஏனென்றால் முதலில் தெருவைக் கழுவுவார்கள்! டச்சு உடையும் மரக்காலணியும் அணிந்து, வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்ப்பார்கள். எனக்கு ஊர்வலத்தைவிட அதுதான் பிடிக்கும். குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

'டச்சு லெட்டர்' என்ற எஸ் வடிவப் பலகாரத்தைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். மொறுமொறு மேலோடு, உள்ளே பாதாம் விழுது. பேக்கரி வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வெர்மீர் காற்றாலைக்குள் ஏறிப் பாருங்கள். உண்மையிலேயே தானியம் அரைக்கும் ஆலை அது.

பூக்கள் மட்டும் வானிலையின் கையில். வசந்தம் சீக்கிரம் சூடேறினால் விழாவுக்கு முன்பே இதழ் உதிர்ந்துவிடும். அதனால் கிளம்பும் வாரத்தில் பூ நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் கட்டாயம் வேண்டும், மே மாதமானாலும் மாலையில் குளிரும்.