குளிரைத் தாண்டிய தேனீக்களைப் பசிக்குப் பறிகொடுக்காதீர்கள்

கடுங்குளிர் போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு. தேனீக் குடும்பங்கள் பட்டினியால் மடிவது பெரும்பாலும் குளிர் முடியும் தறுவாயில்தான். பகல் நீளத் தொடங்கியதும் ராணி மும்முரமாக முட்டையிடும். அந்த முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் இருக்கும் பகுதியை 34, 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் காக்க வேண்டும். அந்தச் சூடு தேனை உண்டுதான் பிறக்கிறது. வெளியிலோ பூவே இல்லை.

இருப்பை அறியப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. பின்பக்கத்தைச் சற்றே தூக்கிப் பாருங்கள். கனமின்றி எழும்பினால் உணவு தீர்கிறது. அப்போது பதறிப்போய்ச் சர்க்கரைப் பாகு ஊற்றாதீர்கள். குளிரில் தேனீக்கள் அதைச் சரியாக எடுக்காது, பெட்டிக்குள் ஈரமும் கூடும். கெட்டிச் சர்க்கரையை அவை திரண்டிருக்கும் இடத்துக்கு நேர் மேலே வையுங்கள். எட்ட வைத்துப் பயனில்லை. குளிரில் திரளை விட்டு நகர முடியாமல், பக்கத்துச் சட்டத்தில் (அடை கட்டியிருக்கும் மரச்சட்டம்) தேன் இருக்கும்போதே அவை இறந்துபோவதுண்டு. அடை அறைகளுக்குள் தலையை நுழைத்து, வால் நுனி மட்டும் வெளியே தெரிய வரிசை வரிசையாகச் செத்துக் கிடக்கும். தேனீ வளர்ப்பவர் காணக்கூடாத காட்சி அது.

ஆவலில் சீக்கிரமே சட்டங்களை உருவிப் பார்ப்பதும் கேடுதான். காற்றில்லாத, 15 டிகிரியாவது வெயில் ஏறிய நண்பகல்வரை பொறுங்கள். ராணியைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். முட்டை பொரிய 3 நாள் ஆகும் என்பதால், அறைக்கு ஒன்றாக முட்டை தென்பட்டாலே ராணி அண்மையில் இருந்திருக்கிறது என்று பொருள். பார்த்ததும் சட்டங்களை அதே வரிசையில் வைத்து மூடுங்கள். புழுச் சட்டங்களுக்கு நடுவே வெற்றுச் சட்டத்தைச் செருகினால் சூடு சிதறிப் புழுக்கள் விறைக்கும்.

வாசலில் இறந்த தேனீக்கள் கிடந்தால் மிரள வேண்டாம். வயது முதிர்ந்தவை உதிர்வது இயல்பு. வழி அடைபடாமல் குச்சியால் தள்ளிவிட்டால் போதும்.

முழுக் குடும்பமும் அழிந்திருந்தால் அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிடுவதுதான் பெருந்தவறு. மற்ற பெட்டித் தேனீக்கள் மிச்சத் தேனைக் கொள்ளையிட வரும், நோயையும் சுமந்து போகும். தேனீப் புழுக்களைக் கொல்லும் அமெரிக்கப் புழு அழுகல் என்ற பாக்டீரியா நோயின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிர்ப்போடு இருக்கும். உடனே வாசலை அடையுங்கள். பிறகு காரணம் தேடுங்கள்: அறைகளின் மேற்சுவரில் வெண்புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை தேனீக்களை ஒட்டி வாழும் வரோவா என்ற உண்ணியின் கழிவு. காரணம் தெரியாதவரை அந்தத் தேனையோ அடையையோ வேறு பெட்டிக்குக் கொடுக்காதீர்கள்.