ஆசரிப்புக் கூடாரத்தில் கிறிஸ்துவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனை ஆராதிக்க மோசே எழுப்பிய ஆசரிப்புக் கூடாரம் பற்றிய செய்தி என்றால் சபையில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார். பெரிய வரைபடம், நிறங்கள், எண்கள், எல்லாவற்றுக்கும் ஒரு மறைபொருள். முளைகளில் பாதி மண்ணுக்குள் இருப்பது இயேசுவின் மரணம், பாதி வெளியே இருப்பது உயிர்த்தெழுதல் என்பது வரைக்கும் விளக்கம் போய்விடும். கூடாரத்து முளை பின்னே வேறு எப்படித்தான் இருக்கும்?

கூடாரத்தைக் கிறிஸ்துவோடு இணைப்பது தவறில்லை. புதிய ஏற்பாடே அதைச் செய்கிறது. எபிரெயர் நிருபம், மகா பரிசுத்த ஸ்தலம் என்ற கடைசி அறையை மறைக்கும் திரையை அவருடைய மாம்சம் என்கிறது. பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்ட பலிகளை, நகர வாசலுக்குப் புறம்பே அவர் பாடுபட்டதோடு சேர்த்துப் பார்க்கிறது. வேதம் சொன்னது எது, பிரசங்கியார் சேர்த்தது எது என்ற கோடு அழிந்துபோவதுதான் சிக்கல். அதே எபிரெயர் நிருபம் 9ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டி, மன்னா, கேருபீன்கள் என்று அடுக்கிவிட்டு, இவைகளைப் பற்றி இப்போது விவரமாய்ச் சொல்ல வேண்டியதில்லை என்று நகர்ந்துவிடுகிறது. நம்மவர்கள் சரியாக அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் நிறங்கள். கூடாரத் துணிகளில் வரும் இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு, மெல்லிய பஞ்சுநூல் நான்கும் நான்கு சுவிசேஷங்கள் என்று பலரும் பிரசங்கிக்கக் கேட்டிருப்பீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸும் இந்த நான்குக்கும் அர்த்தம் சொன்னார். பஞ்சுநூல் பூமி, இரத்தாம்பரம் கடல், இளநீலம் காற்று, சிவப்பு நெருப்பு. ஏழு அகல்கள் ஏழு கோள்கள், பன்னிரண்டு அப்பங்கள் பன்னிரண்டு மாதங்கள். அவர் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர், எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில் வாழ்ந்தவர். அப்படிப்பட்டவர் சொன்ன அர்த்தமே யாத்திராகமத்தில் இல்லை என்றால், நம் நான்கு சுவிசேஷங்களை என்ன சொல்வது?

யாத்திராகமம் காட்டுவது வேறொன்று. வெளிப்பிராகாரத்தில் வெண்கலம், உள்ளே பொன். மேலே மூடுவது தகசுத்தோல், ஆட்டுத்தோல், ஆட்டுமயிர்; அடியில், உள்ளே இருப்பவன் கண்ணுக்குத் தெரிவது கேருபீன் வேலைப்பாடுள்ள துணி. பெட்டியை நெருங்க நெருங்கப் பொருளின் விலை ஏறுகிறது, நுழையக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைகிறது. கடைசி அறைக்குள் வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒருவன். அடையாளம் என்றால் இது அடையாளம். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், திரை வழியாக எல்லோரும் தைரியமாய் உள்ளே போகலாம் என்று எபிரெயர் நிருபம் சொல்வது எவ்வளவு பெரிய பேச்சு என்பது விளங்கும்.

கூடாரத்துப் பொருள்களைக் கோட்டால் இணைத்தால் சிலுவை வரும் என்று காட்டும் வரைபடமும் அப்படித்தான். தெற்கே குத்துவிளக்கு, வடக்கே சமுகத்தப்ப மேஜை என்பது வேதத்தில் உண்டு. இடைவெளிகள் எவ்வளவு என்பது இல்லை. அதனால் கோடு போட்டுச் சிலுவை ஆக்குவது வரைகிறவர் கையில்தான் இருக்கிறது. எண்ணாகமம் 2இல் கூடாரத்தைச் சுற்றி இஸ்ரவேலர் இறங்கிய பாளயத்தைச் சிலுவையாக வரைவதும் அதே கதை.

அப்புறம் அந்தக் கயிறு. பிரதான ஆசாரியன் உள்ளே செத்துப்போனால் இழுத்து எடுப்பதற்காகக் காலில் கயிறு கட்டுவார்கள், மணிச்சத்தம் நின்றால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம் என்பார்கள். இந்தக் கயிறு வேதத்தில் எங்கும் இல்லை. அவன் உள்ளே போகும் பாவநிவாரண நாளின் சடங்குகளை அடி அடியாய் விவரிக்கும் யூத நூலான மிஷ்னாவிலும் இல்லை. 13ஆம் நூற்றாண்டளவில் ஸ்பெயினில் வெளிவந்த சோகார் என்ற யூத மறைஞான நூலில் வருகிறது. மணியும் பொருந்தாது. லேவியராகமம் 16:4ஐப் பாருங்கள்: மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அவன் உடுத்துவது சாதாரணச் சணல்நூல் உடை. மணிகள் தொங்கும் அங்கி அதில் இல்லை. மகிமையான உடையைக் கழற்றிவைத்து எளிய உடையில் உள்ளே போகிறான் என்பதை விட்டுவிட்டு, இல்லாத கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறோம்.

பலிகளில் நடக்கும் குழப்பம் இன்னும் பெரியது. எல்லாப் பலியும் பாவத்துக்காக, எல்லாமே ஆட்டுக்குட்டி என்று கலக்கிவிடுகிறார்கள். பஸ்கா ஆடு கூடாரம் எழும்புவதற்கு முன்பே எகிப்தில் வீட்டு நிலைக்கால்களில் இரத்தம் பூசப்பட்ட ஆடு. அதை ஆசாரியன் செலுத்தவில்லை, குடும்பமே அடித்துச் சாப்பிட்டது. பாவநிவாரண நாளில் திரைக்கு உள்ளே போனது காளையின் இரத்தமும் வெள்ளாட்டுக்கடாவின் இரத்தமும். சமாதான பலியில் இறைச்சியின் பெரும்பகுதியைக் கொண்டுவந்தவனே தின்றான், அது சந்தோஷ விருந்து. புறாக் குஞ்சுகூட வாங்க முடியாத ஏழை எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைப் பாவநிவாரணமாகக் கொண்டுவரலாம் என்று லேவியராகமம் 5:11 சொல்கிறது. அதில் இரத்தமே இல்லை. எபிரெயர் 9:22 "கொஞ்சங்குறைய எல்லாம்" இரத்தத்தினால் சுத்திகரிக்கப்படும் என்று பார்த்துத்தான் எழுதுகிறது. ஒவ்வொரு பலிக்கும் தனி வேலை உண்டு என்று பிரித்துப் படித்தால், கிறிஸ்துவின் மரணத்தைப் புதிய ஏற்பாடு ஏன் ஒருமுறை பஸ்கா என்றும் இன்னொருமுறை பாவநிவாரண நாள் என்றும் பேசுகிறது என்று தெரியும்.

இயேசு மரித்தபோது கிழிந்த திரை மோசேயின் கூடாரத்துத் திரை அல்ல, ஏரோது விரிவாக்கிக் கட்டிய ஆலயத்தின் திரை. அதன் பின்னால் உடன்படிக்கைப் பெட்டி இருந்ததாக வரையும் படங்கள் தவறு. அந்த அறையில் ஒன்றுமே இல்லை என்கிறார் ஜோசிஃபஸ். பெட்டி போன பிறகு அங்கே மூன்று விரல் உயரத்தில் ஒரு கல் இருந்தது என்கிறது மிஷ்னா.

ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தம் என்று பூட்டுவதும் வேண்டாம். குத்துவிளக்கு என்றால் உலகத்தின் ஒளியாகிய இயேசு என்போம். வெளிப்படுத்தல் 1:20இல் ஏழு குத்துவிளக்குகளும் ஏழு சபைகள்.

இவ்வளவு தேடுகிறவர்கள் வேதமே வெளிப்படையாகச் சொல்லும் ஒன்றைத் தாண்டிப் போகிறார்கள்: கூடாரச் சுவரான பலகைகளை அடியில் தாங்கும் வெள்ளிப் பாதங்கள். எண்ணப்பட்ட 6,03,550 பேரும் தங்கள் ஆத்துமாவுக்கு ஈடாகத் தலைக்கு அரைச் சேக்கல் எடை வெள்ளி கொடுத்தார்கள். ஒரு தாலந்து 3,000 சேக்கல். மொத்தம் 100 தாலந்தும் 1,775 சேக்கலும் சேர்ந்தது. அந்த 100 தாலந்தில் 100 பாதங்கள் வார்த்தார்கள். 48 பலகைகளுக்கு இரண்டிரண்டாக 96, திரையின் தூண்களுக்கு 4. மீட்புப் பணத்தின் மேல்தான் கூடாரமே நிற்கிறது. வெள்ளியாலும் பொன்னாலும் அல்ல, கிறிஸ்துவின் இரத்தத்தால் மீட்கப்பட்டீர்கள் என்று பேதுரு எழுதும்போது இந்தப் பாதங்களைக் குறிப்பிடவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நம் வாசிப்பு, அப்படிச் சொல்லிவிட்டே பிரசங்கிக்கலாம். அந்தப் பணத்தில் ஐசுவரியவான் அரைச் சேக்கலுக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஏழை அதற்குக் குறைத்தும் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் யாத்திராகமம் 30:15இல் அப்படியே எழுதியிருக்கிறது.