தலையில் பட்ட சின்னக் கடி: காயத்தின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகப்புத் திண்ணைதான் தெருநாய்க்கு வசதியான இடம். திண்ணையில் படுத்திருக்கும் நாயின் வாயும் கீழே நிற்கும் சின்னப் பிள்ளையின் தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். பெரியவருக்குக் காலில் விழும் கடி பிள்ளைக்கு உச்சியிலோ காதோரத்திலோ விழுவது இதனால்தான்.

நாய்க்கடி என்றால் பயம் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்தான். முதல் தவறு, ரத்தம் நின்றதும் ‘சின்னக் கீறல்தான்’ என்று விட்டுவிடுவது. முடி பாதிக் காயத்தை மறைத்துவிடும். நாய்க்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உண்டு. ஒரு துளை தெரிந்தால் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம். நல்ல வெளிச்சத்தில் முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். காயத்தைச் சுற்றி முடியைக் கத்தரிக்கலாம். பிளேடு போட்டு மழிக்காதீர்கள், புதுக்கீறல் விழும்.

கழுவுவதிலும் பலர் அவசரப்படுகிறார்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு நுரை காயத்துக்குள் போகும்படி 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால்தான் தெரியும், அது எவ்வளவு நீண்ட நேரம் என்று. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவை புண்ணை எரித்து, உள்ளே இருக்கும் அழுக்கையும் மூடிவிடும். கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் போதும்.

ஆஸ்பத்திரியில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு: கையில் ஊசி போட்டதும் ‘முடிந்தது’ என்று கிளம்பிவிடுவது. தடுப்பூசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உருவாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகும், தலைக் காயத்திலிருந்து அந்தத் தூரம் குறைவு. எதிர்ப்பு உருவாகும்வரை காப்பது, தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் என்ற சீரம். அதைக் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் செலுத்த வேண்டும். குதிரைச் சீரம் என்றால் ஒரு கிலோ எடைக்கு 40 யூனிட். 15 கிலோ பிள்ளைக்கு 600 யூனிட். ஒரு மில்லியில் 300 யூனிட் உள்ள மருந்தானால் 2 மில்லி. தலைத்தோல் இறுக்கமானது, வலிக்கும், பிள்ளை அலறும். அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீரம் இல்லையென்றால், தடுப்பூசியை அங்கேயே தொடங்கிவிட்டு அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் ஊசியிலிருந்து 7 நாள் தாண்டினால் சீரம் போடுவதில்லை. முன்பே முழுத் தடுப்பூசி போட்டவருக்குச் சீரம் தேவையில்லை. 0 (முதல் ஊசி போடும் நாள்), 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், ஆனால் பழைய சீட்டு கையில் இருக்க வேண்டும்.

தழும்பு விழுமே என்று தையலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். தைத்தே ஆக வேண்டிய காயமானாலும் முதலில் சீரம், பிறகு தளர்வாகச் சில தையல். காது மடல் கிழிந்திருந்தால் மட்டும் அறுவை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெடும்.

நாள் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். முதல் ஊசி போட்ட நாள் 0, ஒன்று அல்ல. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28. தசையில் போட்டால் 14-ம் நாளும் சேரும். திங்கள் தொடங்கினால் வியாழன், அடுத்த திங்கள், முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள் என்று காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். நடுவில் ஒன்று தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘10 நாள் நாயைப் பார்ப்போம்’ என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஊசி போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். கறி, மீன் ஒதுக்கும் பத்தியத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் காயத்தைப் பார்த்துக்கொள்ளும்போது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வேண்டாம். பொருக்கு தானாக உதிரும்வரை தலைக்கு எண்ணெயே ஆகாது. தலையணை உறையைத் தினமும் மாற்றுங்கள். பிள்ளையின் நகத்தை வெட்டிவிடுங்கள். ஆச்சி பாசத்தோடு மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் காயத்தைத் தொட்டுப் பாருங்கள். சுற்றிலும் சூடு, சிவப்பு, அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல், காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பூனைக் கடியில் 24 மணி நேரத்துக்குள்ளேயே சீழ் வைக்கலாம். சின்னக் குழந்தையின் மண்டையோடு மெலிது, பல் அதைத் துளைத்திருக்கவும் கூடும். ஆகவே திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் கிறங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.