பிரிட்டிஷ் சூப்பர்ஹீரோவுக்குக் குடும்பப்பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னலைக் கையில் பிடிக்கிற நாயகனுக்கு ‘ஸ்டார்ம்’, இரும்பு உடம்புக்காரனுக்கு ‘ஸ்டீல்’. பிரிட்டிஷ் சூப்பர்ஹீரோவைப் படைக்க உட்காருகிறவர்களுக்கு முதலில் தோன்றும் குடும்பப்பெயர்கள் இவைதாம். முகமூடி போட்டு மறைக்கிற ரகசியத்தைப் பள்ளி வருகைப் பதிவேடே சொல்லிவிட்டால், அந்த முகமூடி எதற்கு? சக்தியைப் பெயரில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைப் புதைத்து வைக்க வேண்டும் என்கிறேன்.

ஆங்கிலக் குடும்பப்பெயர்களில் பல, பொருள் மறந்துபோன பழைய தொழில்பெயர்கள். சாண்ட்லர் மெழுகுவத்தி செய்தவர். ஃப்ளெட்சர் அம்பு செய்தவர். ஹேவார்ட் ஊரின் வேலிகளைக் காத்தவர். ஒரு நகரத்தைக் காக்கும் நாயகிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. லண்டன் தெருவில் இந்தப் பெயர்களைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெல்ஷ் பெயர்கள் இன்னும் வளமானவை. வான் என்ற குடும்பப்பெயர் ‘சிறியவர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. உடலைச் சுருக்கிக்கொள்ளும் நாயகனுக்கு வைக்கலாம். லாயிட் என்றால் சாம்பல் நிறம். கோஃப் என்றால் சிவப்பு.

ஆனால் வான் என்று வைத்த கணமே அவனுடைய முன்னோர் வேல்ஸ்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். இதைக் கவனிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பிரிட்டிஷ் குடும்பப்பெயர் ஒரு முகவரி. ட்ரெமெய்ன், பென்ரோஸ் என்று ‘ட்ரெ’, ‘பென்’ என்ற முன்னொட்டு வந்தால் கார்ன்வால் நினைவுக்கு வரும். அக்ராய்ட், சட்க்ளிஃப் என்றால் யார்க்ஷயர். ப்ரைஸ் என்பது ‘அப் ரீஸ்’, அதாவது ரீஸின் மகன். பவல் என்பது ‘அப் ஹவெல்’. இரண்டும் வேல்ஸ். ‘மெக்’ என்றால் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ‘மகன்’. அதனால் நாயகன் பிறந்த ஊரையும் அவன் பாட்டன் எங்கிருந்து வந்தார் என்பதையும் முதலில் முடிவு செய்யுங்கள். பெயர் அதற்குப் பிறகு. லிவர்பூல்காரனுக்கு மர்ஃபி என்று ஐரிஷ் பெயர் வைத்தால் துளியும் உறுத்தாது. 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு அத்தனை பேர் வந்து இறங்கினார்கள்.

பெயர் சுமக்கும் பகையும் உண்டு. கேம்ப்பெல், மெக்டொனால்ட் என்று இரண்டு ஸ்காட்டிஷ் நாயகர்களை உயிர்நண்பர்களாக எழுதினால், அங்குள்ள வாசகருக்கு உடனே கிளென்கோ நினைவுக்கு வரும். 1692 பிப்ரவரியில், கேம்ப்பெல் குலத்தவர் ஒருவரின் தலைமையில் விருந்தாளிகளாகத் தங்கியிருந்த படைவீரர்கள் அங்கே மெக்டொனால்ட் குலத்தாரைக் கொன்றார்கள். தெரிந்தே வைத்தால் அருமையான கதை. தெரியாமல் வைத்தால் கதையில் ஓட்டை. தாட்சர் என்ற பெயரும் அப்படித்தான். கூரை வேய்பவர் என்ற எளிய பொருள்தான். ஆனால் பிரதமர் மார்கரெட் தாட்சரோடு சுரங்கத் தொழிலாளர்கள் மோதிய 1984-85 வேலைநிறுத்தத்தைக் கண்ட யார்க்ஷயர் ஊரின் நாயகனுக்கு அதை வைத்தால், வாசகர் கதையை மறந்து அரசியலுக்குப் போய்விடுவார்.

ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராக வைக்க விரும்புகிறவர்கள் சுற்றுலா வரைபடத்தைப் பார்த்துக் கென்சிங்டன் என்று வைத்துவிடுகிறார்கள். ஊரிலேயே இருப்பவரை யாரும் அந்த ஊரின் பெயரால் அழைப்பதில்லை. வெளியூரில் குடியேறியவருக்கே அந்த அடையாளம் ஒட்டும். அதனால் இத்தகைய பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சிற்றூரோ ஒரு பண்ணையோ இருக்கும். 1976இல் வெளிவந்த மார்வெல் காமிக்ஸ் நாயகன் கேப்டன் பிரிட்டனின் இயற்பெயர் பிரையன் பிராடாக். பிராடாக் என்பது ‘அகன்ற ஓக் மரம்’ என்ற பொருளுள்ள இடப்பெயர். மண்ணோடு ஒட்டிய பெயர் என்பதால்தான் அது நிற்கிறது. இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும் அந்த மோனை மட்டும் அமெரிக்க காமிக்ஸ் வழக்கம். புதிய பிரிட்டிஷ் நாயகருக்கு அதைத் தவிர்க்கலாம்.

பட்டம் பெற்ற குடும்பம் என்றால் எச்சரிக்கை இரண்டு மடங்கு. ‘சர்’ பட்டம் இயற்பெயரோடு சேரும், குடும்பப்பெயரோடு சேராது. எட்மண்ட் ஹேவார்ட் ‘சர் எட்மண்ட்’ ஆவார். ‘சர் ஹேவார்ட்’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அவர் மனைவியோ ‘லேடி ஹேவார்ட்’. உச்சரிப்பும் காலை வாரும்: ‘சோல்மொண்டெலி’ என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தோன்றும் பெயரைச் ‘சம்லி’ என்பார்கள், ‘ஃபெதர்ஸ்டன்ஹா’வை ‘ஃபேன்ஷா’ என்பார்கள். தமிழில் ஒலியைத்தான் எழுத வேண்டும்.

தமிழ் எழுத்தே வைக்கும் பொறி ஒன்றும் உண்டு. பூங்காக் காவலரைக் குறிக்கும் பெயரையும் (Parker), தோல் பதனிடுபவரைக் குறிக்கும் பெயரையும் (Barker) நாம் ‘பார்க்கர்’ என்றே எழுதுகிறோம். இரண்டும் ஒரே கதையில் வந்தால் வாசகர் திணறுவார்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: பிரிட்டிஷ் என்றாலே வெள்ளையர் என்று எண்ணுவதும், வெள்ளையரல்லாத எல்லோருக்கும் ‘படேல்’ என்று வைத்துவிடுவதும். படேல் குஜராத்திப் பெயர். அந்தக் குடும்பங்கள் பலவும் 1972இல் உகாண்டாவிலிருந்து இடி அமீனால் துரத்தப்பட்டு வந்தவை. 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் வந்த ஜமைக்காக்காரரின் பேரனுக்குக் கேம்ப்பெல் என்றே பெயர் இருக்கலாம். அடிமைத்தனம் விட்டுச்சென்ற ஸ்காட்டிஷ் பெயர் அது. குடும்பப்பெயரை வைத்துத் தோலின் நிறத்தைச் சொல்லிவிட முடியாது.

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் வளரும் ஈழத்தமிழ் நாயகியைப் படைப்பவர்கள், அவளுக்குக் குடும்பப்பெயர் வேண்டுமே என்று சாதிப்பெயரைத் தேடிப் போகிறார்கள். தேவையே இல்லை. நம் வழக்கப்படி அப்பாவின் பெயரே அங்கே குடும்பப்பெயராகப் பதிவாகிறது. அப்பா சிவகுமார் என்றால் அவள் நிலா சிவகுமார். அப்பாவின் கடவுச்சீட்டிலோ தாத்தா கந்தையாவின் பெயர் இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு குடும்பப்பெயர்கள். இது கதைக்குக் கிடைத்த வரம். எதிரி சிவகுமார் என்ற குடும்பப்பெயரை வைத்து அவள் அப்பாவைத் தேடினால் அவர் அகப்பட மாட்டார். கந்தையா என்ற பெயரில், பட்டியலின் வேறொரு பக்கத்தில் பத்திரமாக இருப்பார்.