தரையில் துள்ளும் விமானம்: சோலோவாகத் தனியே பறக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு மெக்கானிக் சொல்வது

பயிற்சி விமானங்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். இப்போது அவனியாபுரத்தில் வீடு. வெளியூரில் பைலட் படிப்புப் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் எட்டிப் பார்ப்பார்கள். எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் லேண்டிங்கில்தான் வந்து நிற்கும். "மாமா, சக்கரம் தொட்டதும் மறுபடி தூக்கிருது, அப்ப என்ன செய்ய?" விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது உங்கள் இன்ஸ்ட்ரக்டரின் வேலை. எது எப்படி உடைகிறது என்று சொல்வது என் வேலை. உடைவது தெரிந்தால் உடைக்காமல் இருப்பதும் வரும்.

சின்னப் பயிற்சி விமானமான செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் இரண்டு பிரதானச் சக்கரங்களின் கால்கள் வளைந்து கொடுக்கும் எஃகு. மாணவர்கள் போடும் அடியைத் தாங்கவே செய்தது. மூக்குச் சக்கரம் அப்படி இல்லை. அது ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் நிற்கும் தகட்டில் மாட்டியிருக்கிறது. அதில் அடி விழுந்தால் முதலில் தகடு மடங்கும், அப்புறம் கால் மடங்கும், கடைசியில் புரொப்பல்லர் தரையைச் சுரண்டும்.

முதல் துள்ளலிலேயே நொறுங்கி என்னிடம் வந்த விமானம் அபூர்வம். விமானம் எகிறியதும் பயத்தில், மூக்கை ஏற்றி இறக்கும் கண்ட்ரோலை முன்னால் தள்ளுகிறார்களே, அதுதான் வினை. தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதும், மூக்கு முன்னைவிட உயரமாக எழும்பும், மறுபடி தள்ளுவீர்கள். இரண்டாவது, மூன்றாவது மோதலில் கதை முடிந்துவிடும்.

சரி, என்ன செய்வது? எகிறியது ஓரிரு அடிதான் என்றால் மூக்கை இருக்கும் நிலையிலேயே பிடியுங்கள். தள்ளவும் வேண்டாம், வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம். எஞ்சின் பவரைக் கூட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் கொடுத்து, காலால் மிதித்துத் திருப்பும் வால் ரடரால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக வைத்து, பிரதானச் சக்கரங்கள் மறுபடி தொடும்வரை பொறுங்கள். அதற்கு மேல் எகிறினால், அல்லது இரண்டாவது முறை துள்ளினால், யோசனையே வேண்டாம், கோ அரவுண்ட், அதாவது இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிச் சுற்றி வாருங்கள். த்ராட்டில் முழுக்க உள்ளே. கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் அமைப்பு) இருக்கும் விமானம் என்றால் அதை அணையுங்கள். ஒன்றை மட்டும் எதிர்பார்த்திருங்கள்: லேண்டிங்குக்காக மூக்கைத் தூக்கிப் பிடிக்கும்படி வைத்த டிரிம்மோடு முழு பவர் சேரும்போது மூக்கு தானாக மேலே கிளம்பும், இடப்பக்கமும் இழுக்கும். அந்த நேரத்தில் மட்டும் கண்ட்ரோலைத் திடமாக அழுத்தி மூக்கை அடக்கவும் வலது ரடர் கொடுக்கவும் தயங்காதீர்கள். வேகம் சேர்ந்தபின், இறக்கையின் பின்னோரத்தில் இறக்கி வைத்த ஃப்ளேப்பைப் படிப்படியாக ஏற்றுங்கள், ஒரேயடியாக அல்ல. கண்ட்ரோல் டவரிடம் பேசுவது கடைசி. அவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் வேகம். 172-க்கு ஃப்ளேப் இறக்கி வரும்போது 60 முதல் 70 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) என்பது வழக்கம். உங்கள் விமானத்தின் புத்தகத்தில் இருப்பதே இறுதி. 65-இல் வரவேண்டியவர் 75-இல் வந்தால் இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த விமானம் தரைக்கு மேல் மிதந்துகொண்டே போகும். பொறுமை இழந்து அதைத் தரையில் அமுக்கப் பார்ப்பவர்தான் துள்ளுகிறார். குறுகிய ஓடுபாதையில் பழகியவர் மதுரை மாதிரி 7,500 அடி நீளத்தில் அகலமாகக் கிடக்கும் ஓடுபாதைக்கு வந்தால் இன்னொரு ஏமாற்று உண்டு. தரை கிட்டத்தில் இருப்பதாகக் கண் சொல்லும். உயரத்திலேயே மூக்கைத் தூக்கி, வேகம் செத்து, பொத்தென்று விழுவீர்கள். பக்கத்தைப் பார்க்காமல் ஓடுபாதையின் கடைசியைப் பாருங்கள்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊர் இது. மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால் அந்த மேற்குக் காற்று ஏறக்குறைய நேராக வரும். நீங்கள் படிக்கும் ஊரில் அது குறுக்கே வீசலாம். தயாரித்தவர்கள் சோதனையில் இறக்கிக் காட்டிய குறுக்குக் காற்றின் அளவு 172-க்கு 15 நாட், அதைவிடச் சிறிய செஸ்னா 152-க்கு 12. சோலோ மாணவருக்கு அதைவிட மிகக் குறைவாகத்தான் அனுமதிப்பார்கள், அது நியாயம்தான். 12 நாட்டில் வீசும் காற்று திடீர் வீச்சில் 20 வரை போகிறதென்றால் வித்தியாசம் 8. அதில் பாதி, 4 நாட்டை மட்டும் வேகத்தில் கூட்டுங்கள்.

மீறி மூக்கு உடைந்து நின்றுவிட்டதா? எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்த மிக்சரை இழுங்கள், ஃபியூயல் செலக்டர், இக்னிஷன், மின்சார மாஸ்டர் சுவிட்ச் எல்லாவற்றையும் அணையுங்கள், இறங்கிப் பின்பக்கமாக விலகிப் போங்கள். போனையும் லாக் புக்கையும் தேடிக்கொண்டு உள்ளே உட்காராதீர்கள். ஆளைக் காப்பாற்றவோ தீயை அணைக்கவோ தவிர, விசாரணைக்காரர்கள் அனுமதிக்காமல் விமானத்தை யாரும் நகர்த்தக் கூடாது. மூச்சு வாங்கியபின் வீட்டுக்கு நீங்களே பேசுங்கள். அம்மா வாட்ஸப் வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

உடையாமல் ஓடி வந்து நின்றுவிட்டால்தான் எனக்குக் கவலை அதிகம். வெளியே ஒன்றும் தெரியாது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் ஃபயர்வாலின் கீழ் மூலையில் ஒரு மடிப்பு, ரிவெட்டைச் சுற்றிப் புகை படிந்தாற்போல் ஒரு கறுப்பு வளையம். ரிவெட் தளர்ந்து அலுமினியம் அரைபடுகிற தூள் அது. புரொப்பல்லர் நுனி தரையில் பட்டிருந்தால் விஷயம் வேறு. லைகமிங் எஞ்சின் என்றால் அந்த நிறுவனம் மெக்கானிக்குகளுக்கு விட்ட 533-ஆம் சர்வீஸ் புல்லட்டின்படி எஞ்சின் உள்ளே பார்த்தாக வேண்டும். நான் இருந்த ஒரு பள்ளியில், திட்டு விழுமே என்று ஒரு பையன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலைச் சோதனையில் மடிப்பு கண்ணில் பட்டது. படாமல் போயிருந்தால் அடுத்த பிள்ளை அதில் ஏறியிருக்கும்.

ஆகவே இறங்கியதும் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு நழுவாதீர்கள். 'ஹார்ட் லேண்டிங், இரண்டு முறை துள்ளியது, மூக்குச் சக்கரம் முதலில் பட்டது' என்று நேரத்தோடு விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாகில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எந்தச் சக்கரம் முதலில் பட்டது என்பதை விடாதீர்கள். டார்ச்சை எங்கே முதலில் அடிக்க வேண்டும் என்று எங்களுக்கு அதை வைத்துத்தான் தெரியும்.